சிராத்தத்தன்று குடித்த காபி

அப்பாவின் சிராத்தத்தன்று விடிந்ததும் தேவராஜ மொஹல்லா என்கிற பேட்டையில் ஒரு ஹோட்டலுக்குப் போய்க் காபி குடித்தேன். காரியம் முடியும்வரை எங்கள் வீட்டு ஆண்கள் பச்சைத் தண்ணீர்கூடப் பல்லில் படவிடுவதில்லை. காலேஜில் படித்தவன் என்ற திமிர் எனக்கு. வாயைக் கொப்பளித்துவிட்டு அக்ரஹாரத்துக்குத் திரும்பி, குளித்து, மடி உடுத்தி நின்றேன்.

காரியம் செய்கிறவர் அண்ணா. அவருக்கு நாடி சீராக ஓடாது; இருதயம் பலவீனம் என்று டாக்டர் சொல்லியிருந்தார். ஹோமத்தின் நடுவே அடிவயிற்றைப் பிடித்துக்கொண்டு எழுந்து கொல்லைப்பக்கம் போனார். பின்னாலேயே போனேன். ரத்தமாகப் போயிருந்தது. முகம் சாம்பல் பூத்திருந்தது.

விரலிலிருந்த பவித்திரத்தை, அந்தத் தர்ப்பை மோதிரத்தை, கழற்றி என் பக்கம் நீட்டினார்.

"முடியலைடா. மீதியை நீ பண்ணிடு. என்னை டாக்டர்கிட்ட அழைச்சுண்டு போகச் சொல்லு."

காபி குடித்தவன் கையால் பிண்டம் வைத்தால் அப்பாவுக்குப் போய்ச் சேராது. படித்த படிப்பெல்லாம் அந்த நிமிஷம் எங்கே போயிற்றோ தெரியவில்லை. குடித்ததைச் சொல்லப் பயம், சொல்லாமல் செய்யவும் பயம்.

"இன்னும் கொஞ்சம்தான் அண்ணா, பொறுத்துக்கோ" என்றேன்.

அவர் மறுபடி தலைக்கு ஊற்றிக்கொண்டு, ஈரத்தோடு மணையில் போய் உட்கார்ந்தார்.

பிண்டம் வைத்து முடிக்கும்போது வெயில் சாய்ந்துவிட்டது. ஜட்கா வண்டியில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். வழியெல்லாம் அவர் கை என் கையில் ஜில்லிட்டுக் கிடந்தது. வயிற்றைத் திறந்து பார்த்த டாக்டர் என்னைத் தனியே அழைத்துக் கன்னடத்தில் சொன்னார். ரத்த ஓட்டம் நின்று, குடலின் கடைசிப் பகுதி செத்துக் கறுத்துப் போயிருக்கிறது. பல வழியில் ரத்தம் வந்து சேருகிற இடம், அங்கே இப்படி ஆவது அபூர்வம். இருதயம் சோர்ந்ததும் தண்ணீரில்லாமல் உடம்பு வற்றியதும் சேர்ந்துகொண்டிருக்கலாம். காலையிலேயே வந்திருந்தால் என்று கேட்டேன். அவர் கை கழுவப் போய்விட்டார்.

மறுநாள் அண்ணாவுக்கு நினைவு வந்தது.

"ஏண்டா நீ பண்ண மாட்டேன்னுட்டே?"

"பயமா இருந்தது."

"எனக்கும்தாண்டா" என்றார்.

காபியைப் பற்றி அப்போதும் வாயைத் திறக்கவில்லை. சாயங்காலம் அவர் போய்விட்டார்.

அவருக்குப் பிள்ளை இல்லை. வருஷா வருஷம் அவருக்கு நான்தான் சிராத்தம் செய்கிறேன். டாக்டர் திட்டினாலும் தண்ணீர் தொடுவதில்லை. இப்போது எனக்கும் நாடி சரியில்லை. ஹோமத்தின் நடுவே அடிவயிறு லேசாக இழுத்தாலும் கை மோதிர விரலுக்குப் போகிறது. பவித்திரத்தை நீட்டினால் வாங்கிக்கொள்ள இந்த வீட்டில் வேறு ஆள் கிடையாது.