பதினான்காம் வீட்டு வாளி

வெள்ளைச் சாயத்தில் 14 என்று எழுதிய தகர வாளி. மலாயாவின் அவசரகாலத்தில், கோல சிலாங்கூர்ப் பக்கத்து ரப்பர் தோட்டமொன்றில், குழாயடி வரிசையின் கடைசிக்கு அதைத் தள்ளியவன் நான். எதற்கும் தேதி குறித்து வைப்பவன், அன்றைக்கு மட்டும் குறிக்கவில்லை. தீபாவளிக்கு முந்தைய வாரம், வியாழக்கிழமை.

காட்டிலிருந்த கம்யூனிஸ்டுகளுக்கு அரிசி போகக் கூடாதென்று, தொழிலாளர்கள் குடியிருந்த லயங்களைச் சுற்றி முள்கம்பி வேலி போட்டிருந்தார்கள். வேலியோரம் ஆள் மறையும் அளவுக்கு லாலான் புல் மண்டினால், தண்டனையாக எல்லா வீட்டுக்கும் அரிசிப் பங்கு குறையும். அதனால் ஞாயிறுதோறும் வீட்டுக்கொருவர் புல் வெட்ட வேண்டும். பாதிப்பேர் வருவதில்லை; ஆனால் வெட்டியவர்களைப் போலவே முழுப்பங்கு அரிசி வாங்கினார்கள். வேலை மேற்பார்க்கும் மண்டோர் ஒரு தண்டனை சொன்னார்: வராத வீட்டின் வாளி அந்த வாரம் முழுக்கக் கடைசியில். குழாய் மாலையில் ஒரு மணி நேரம்தான் திறக்கும். கடைசி வாளிக்குக் குடிக்க ஒரு சொம்பு மிஞ்சினாலே பெரிது. வரிசை பார்க்கும் பொறுப்பு என்னுடையது. அடுத்த ஞாயிறே லயம் முழுக்கத் திரண்டு வந்தது. எனக்குப் பெருமை தாங்கவில்லை.

பதினான்காம் வீட்டு அக்கா மட்டும் வரவில்லை. கணவரை இழந்தவர், ஒரே மகள். இரண்டு ஞாயிறு ஆயிற்று, காரணமும் சொல்லவில்லை. "மகாராணிக்குக் கை நோவுதாம்லா" என்று வரிசையில் சிரித்தார்கள்.

"இன்னிக்கு ஒரு வாளி மட்டும் விடு தம்பி" என்றார் அக்கா, அந்த வியாழக்கிழமை மாலை குழாயடியில்.

"எல்லாருக்கும் ஒரே சட்டம்தான்க்கா" என்றேன்.

மறுநாள் காலை, ஆள் கணக்கெடுக்கும் நேரத்தில் போலீஸ் வந்தது. வேலிக்கடியில் ஓராள் நுழையும் அளவுக்குப் பள்ளம். காட்டிலிருப்பவர்களுக்கு அரிசி கடத்தத் தோண்டியது யார் என்று கேட்டார்கள். சொல்லாவிட்டால் யாருக்கும் அரிசி இல்லை. அக்கா முன்னால் வந்து நின்றார்.

"நாந்தாங்கய்யா. அரிசிக்கில்ல, வெளிய வாய்க்கால்ல தண்ணி எடுக்க. அதுக்குள்ள விடிஞ்சிருச்சு."

"பைத்தியமாம்மா உனக்கு?" என்று பதறினார் மண்டோர்.

"பிள்ளைக்கு ஆத்தா வந்திருக்கா. இன்னிக்குத் தலைக்குத் தண்ணி ஊத்தணும். வெளிய சொன்னா ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போயிருவாங்க. நீங்க தண்ணி விட்டீங்களா?"

அம்மை கண்ட பிள்ளையை விட்டுவிட்டுப் புல் வெட்ட அவரால் வர முடியவில்லை. வாசலில் வேப்பிலைகூடச் செருகாமல் மறைத்திருக்கிறார். வேலியைக் காக்க நாங்கள் போட்ட சட்டமே வேலிக்கடியில் பள்ளம் பறித்துவிட்டது. போலீஸ் லோரி அவரை ஏற்றிக்கொண்டு போனது.

பொதுவேலைக்கு டிமிக்கி கொடுப்பவனைத் தண்டித்தால் மற்றவர்கள் ஒழுங்காக வருவார்கள் என்று பிற்காலத்தில் நிறையப் படித்தேன். பொய்யில்லை, வந்ததைக் கண்ணால் பார்த்தவன் நான். ஏன் வரவில்லை என்று ஒருவராவது போய்க் கேட்டோமா என்பதுதான் இன்றும் என்னை உலுக்குகிறது.

அன்று மாலை யாரும் வரிசை பிடிக்கவில்லை. யாரும் சொல்லாமலே, வீட்டுக்கொரு வாளித் தண்ணீரைப் பதினான்காம் வீட்டு வாசலில் கொண்டுவந்து வைத்தோம். கதவு உள்ளே தாழிட்டிருந்தது.

"அம்மா வந்து ஊத்தட்டும்" என்றது குழந்தையின் குரல். எவ்வளவு கூப்பிட்டும் அன்றிரவு கதவு கடைசிவரை திறக்கவில்லை.