கடல்மட்டத்தில் போட்ட மலைத்திட்டம்

கடந்த சனிக்கிழமை முற்பகல் பதினோரு மணிக்கு, என் அட்டவணையின்படி, நானும் என் மனைவி மீனாட்சியும் இடுக்கிப் பக்கத்து மலையொன்றின் உச்சியில் எலுமிச்சை சாதம் சாப்பிட்டுக்கொண்டிருக்க வேண்டும்.

பதினோரு மணிக்கு நாங்கள் பாதி மலையில்கூட இல்லை. வழியோரத்துப் பாறையில் உட்கார்ந்து, ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் மூச்சு வாங்கிக்கொண்டிருந்தோம்.

உச்சியை அடைந்தபோது மணி இரண்டரை. சாதம் நன்றாகத்தான் இருந்தது. நான்தான் என் பங்கை அப்படியே மூடிப் பையில் வைத்துவிட்டேன்.

ஏன்? இந்தப் பத்தியைத் தொடர்ந்து வாசிப்பவர்களுக்குக் காரணம் தெரிந்திருக்கும். இரண்டு மாதங்களுக்கு முன் இதே இடத்தில் ஓர் அறிவிப்புச் செய்தேன். குமாவுன் மலைகளில் தொடங்கி மேற்கே கார்வால் நோக்கி, கிராமம் கிராமமாகச் செல்லும் நெடும்பாதை ஒன்று உண்டு. அதை ஒரே பயணத்தில் நடப்பவர் மிகச் சிலரே. ஆண்டுக்கொரு பகுதியாக நடப்பவரே மிகுதி. அதில் முதற்பகுதியை, பதினான்கு நாட்களில், இருநூற்றெண்பது கிலோமீட்டர் நடந்து முடிக்கப்போகிறோம் — இப்படி அழுத்தந்திருத்தமாக எழுதினேன். வாழ்த்துக் கடிதங்கள் வந்தன. ஒரு வாசகர் கம்பளிக் காலுறை பின்னியே அனுப்பிவிட்டார்.

நாளொன்றுக்கு இருபது கிலோமீட்டர், பதினான்கு நாள். எந்த ஊரில் தங்கல், எங்கே மதிய உணவு, எங்கே தண்ணீர் — எல்லாவற்றையும் கட்டம் போட்டு எழுதிச் சமையலறைக் கதவில் ஒட்டினேன்.

அந்த இருபது எங்கிருந்து வந்தது? நாங்கள் குடியிருக்கும் மட்டாஞ்சேரியிலிருந்து வந்தது.

எங்கள் வீட்டிலிருந்து கிளம்பி, போர்ட் கொச்சிக் கடற்கரையைத் தொட்டு, பள்ளுருத்திக்கு அப்பாலும் சற்றுப் போய்த் திரும்பினால் ஏறத்தாழ இருபது கிலோமீட்டர். ஞாயிறுதோறும் முதுகுப்பையில் பத்துக் கிலோ அரிசியுடன் அதை நான்கரை மணி நேரத்தில் முடித்துவிடுவோம். ஏற்றமும் வேண்டுமல்லவா? அதற்காகத் தோப்பும்படிப் பாலத்தில் ஒருமுறை ஏறி இறங்குவோம்.

படகுத்துறைக்கு எதிரே சாயாக்கடை வைத்திருக்கும் சுலைமான் ஒருநாள் நிறுத்திக் கேட்டார்.

"மாஷே, ஞாயித்துக்கெழமை ஆனா அரிசிய கொண்டு போறீங்க. அதே அரிசிய திருப்பிக் கொண்டு வர்றீங்க. யாரும் வாங்க மாட்டேங்கறாங்களா?"

"மலை ஏறப் பழகறோம் சுலைமான்."

அவர் தெருவை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை நிதானமாகப் பார்த்தார். "இங்கயா?"

மீனாட்சி சிரித்தாள். நான் சிரிக்கவில்லை. "நெஜ மலையில ஒரு தடவை நடந்து பார்த்துடலாமே" என்று அவள் பேச்செடுத்தது அதற்குப் பிறகுதான்.

அப்படித்தான் இடுக்கி. பதினொரு கிலோமீட்டர். அட்டவணைப்படி இரண்டரை மணி நேரம். எங்களுக்குப் பிடித்தது ஆறு மணி நேரம்.

பிழை எங்கே என்று உச்சியில் விளங்கியது. நான் தூரத்தை மட்டுமே எழுதியிருந்தேன். உயரத்துக்கு என் அட்டவணையில் ஒரு கட்டம்கூட இல்லை. கடல்மட்டத்தில் பிறந்து, கடல்மட்டத்தில் 'மாஷ்' என்று வாத்தியார் வேலை பார்த்து, கடல்மட்டத்திலேயே ஓய்வுபெற்றவன் நான். தரை மேல்நோக்கியும் போகும் என்பது என் புத்திக்குத் தெரியும். பேனாவுக்குத் தெரியவில்லை.

மீனாட்சிக்கு வங்கியில் வேலை. மூன்று ஆண்டுகளாகத் தள்ளிப்போய், ஒருவழியாகக் கிடைத்த விடுப்பு இது. ஒரு நாள்கூட நீட்ட முடியாது. மலையின் நடுவில் நாட்கள் தீர்ந்துவிட்டால்? சரி, போகவே வேண்டாம் என்றால்... அதை அவளிடம் எந்த முகத்துடன் சொல்வது? பயணம் அவளுடைய ஆசை. அட்டவணை மட்டுமே என்னுடையது.

மூன்று நாள் வாய் திறக்கவில்லை. செவ்வாய்க்கிழமை மாலை, பயணத்துக்கென்று அவள் பருப்புப்பொடி அரைத்துக்கொண்டிருந்தபோது சொல்லிவிட்டேன்.

"மீனாட்சி, இந்த டைம்டேபிள் நடக்காது. பாதி தூரம் போனாலே ஜாஸ்தி. அந்த ரயிலைப் பிடிக்க முடியாது."

"எந்த ரயிலை?"

"பாதை முடிஞ்சு எறங்கினதும் ஹரித்வார்லேர்ந்து வர்றதை. நீதானே டிக்கெட் போட்டே?"

அவள் கையைத் துடைத்துக்கொண்டு கைப்பேசியைத் திறந்து நீட்டினாள். திரும்பும் பயணச்சீட்டு ஹரித்வாரிலிருந்து அல்ல, காத்கோதாமிலிருந்து. எங்கள் பாதையின் நடுவில் இருக்கும் ஊரிலிருந்து பேருந்தில் கீழே இறங்கினால் வருகிற நிலையம் அது.

"இதை எப்போ போட்டே?"

"இடுக்கிக்குப் போறதுக்கு ஒரு வாரம் முன்னாடி. தீர்மானிச்சது, நீங்க கதவுல பேப்பர் ஒட்டின அன்னிக்கே. பள்ளுருத்திக்கும் இருபது, இமயமலைக்கும் இருபதுன்னு போட்டிருந்தேள்."

"அன்னிக்கே சொல்றதுக்கென்ன?"

"சொன்னா வாதாடுவேள். அதுக்குத்தான் இடுக்கிக்கு அழைச்சுண்டு போனேன், கேட்டேளா? மலைகிட்ட வாதாட முடியாதோல்லியோ."

"பாதியில திரும்பினா நன்னாவா இருக்கும்?"

"பாதின்னு யார் சொன்னா? அதுவும் ஒரு பகுதிதான். மிச்சம் அடுத்த வருஷத்துக்கு அங்கேயே இருக்கும்."

மூன்று நாளாக நெஞ்சின்மேல் இருந்த பத்துக் கிலோ அரிசி அந்தக் கணத்தில் இறங்கியது. பயணம் உண்டு, விடுப்பு வீணாகவில்லை, நாளொன்றுக்குப் பத்துக் கிலோமீட்டர் நடந்தால் போதும். திட்டம் போடுகிற மனிதன் தான் நிற்கிற தரையையே உலகம் முழுவதும் விரித்துவிடுகிறான். பக்கத்தில் ஒருவர் பேசாமல் வேறு சீட்டு வாங்கி வைத்திருந்தால், அவன் பிழைத்தான்.

இப்போது தோப்பும்படிப் பாலத்தில் ஒருமுறைக்குப் பதில் பன்னிரண்டு முறை ஏறி இறங்குகிறோம். செய்தி சாயாக்கடைவரை எட்டிவிட்டது. "மாஷே, பாலத்துல ஏதாவது தொலைஞ்சு போச்சா?" என்று நேற்று விசாரித்தார் சுலைமான்.

ஆகவே ஒரு திருத்தம். இந்தப் பத்தியில் முன்பு இருநூற்றெண்பது கிலோமீட்டர் என்று வெளியாகியிருந்ததை, நூற்று நாற்பது என்று திருத்தி வாசிக்கவும். 'பிழைக்கு வருந்துகிறோம்' என்று முடிப்பது வழக்கம்.

வருத்தம் சிறிதும் இல்லை.