வீட்டோடு மாப்பிள்ளை ஆன கிருமி

ஆய்வுக்கூடத்தில் அவளைக் கிருமியம்மா என்றுதான் சொல்வார்கள். பதினாறு வருடமாக மலேரியாக் கிருமியைக் குடுவையில் வளர்க்கிறாள். புது ரத்தம், புதுக் கரைசல் என்று வேளை தவறாமல் ஊட்ட வேண்டும்; ஞாயிற்றுக்கிழமைகூடக் கிடையாது. "எனக்கு ஒரு நாளாவது இப்படி நேரத்துக்குச் சோறு போட்டிருக்கியா?" என்பார் வீட்டுக்காரர். "நீங்க ஒரு நாள் பட்டினி கிடந்தா ஒண்ணும் ஆகாது. அது செத்துடும்" என்பாள் இவள்.

பொல்லாத கிருமி அது. ரத்த அணுவுக்குள் புகுந்துகொண்டு, அதன் மேற்பரப்பில் ஒட்டும் குமிழ்களை முளைக்கவைக்கும். அணுக்கள் ரத்தக்குழாய்ச் சுவரில் ஒட்டி வழியையே அடைத்துவிடும். அந்தக் குமிழில் இருக்கும் புரதத்தைப் பிடித்துக் கட்டிப்போட, அவளுடைய ஆய்வுக்கூடத்து டாக்டர் மூன்று வருடம் பாடுபட்டு ஒரு மருந்து உருவாக்கியிருந்தார். மருந்தோடு ஒளிரும் சாயம் ஒன்றைச் சேர்த்திருந்தார்; மருந்து போய்ப் பிடித்தால் அணு பச்சையாக ஒளிர வேண்டும். மூன்று முறை பார்த்தாயிற்று. மூன்று முறையும் கும்மிருட்டு.

"வெள்ளிக்கிழமை கூட்டத்துல இத விட்டுடலாம்னு சொல்லப்போறேன்க்கா" என்றார் டாக்டர். இளையவர், அழுகையை அடக்கிக்கொண்டு சொன்னார்.

கிருமியம்மாவுக்குச் சுருக்கென்றது. கிருமி பிடித்த அணுக்களை மாதாமாதம் ஜெலட்டின் என்ற கொழகொழப்பான கரைசலில் விட்டுப் பார்க்க வேண்டும். குமிழ் உள்ளவை மேலே நிற்கும், மொட்டை அணுக்கள் அடியில் தங்கும். எட்டு மாதமாக அவள் அதைச் செய்யவில்லை. குடுவையில் கிருமி அப்படிக் கொழித்து வளர்ந்தது. வளர்த்த பெருமை கண்ணை மறைத்துவிட்டது. ஓடிப்போய்ச் சோதித்தாள். அத்தனையும் அடியில் கிடந்தன; ஒன்றில்கூடக் குமிழ் இல்லை.

வெட்கம் பிடுங்கித் தின்றது. ஆனாலும் நேரே டாக்டரிடம் வந்தாள்.

"மருந்து மேல தப்பில்ல டாக்டர், என் மேலதான். குடுவையில ஓடுற ரத்தமும் இல்ல, ஒட்டிக்கச் சுவரும் இல்ல. வீட்டோட மாப்பிள்ளை கணக்கா உக்காந்து தின்னு, தன் தொழிலையே மறந்துடுச்சு. இந்தக் குடுவையைத் தொடங்கின முதல் மாசமே கொஞ்சம் எடுத்து உறைய வச்சது என்கிட்ட இருக்கு, அதுல குமிழ் இருக்கும். ரெண்டு வாரம் குடுங்க, காட்டுறேன்."

கூட்டம் தள்ளிப்போனது. உறைந்திருந்ததை எடுத்துக் கண்ணும் கருத்துமாக வளர்த்தாள். பதினான்காம் நாள் காலை, மருந்தைச் சேர்த்துவிட்டு டாக்டர் நுண்ணோக்கியில் குனிந்தார்.

"பச்சைக்கா... எல்லாமே பச்சை!"

அறிக்கை எழுத உட்கார்ந்தபோது டாக்டர் சொன்னார்: "குடுவையில இருந்த கிருமி பழசாயிடுச்சுன்னு மட்டும் போடலாம்க்கா. உங்கள எதுக்கு இழுக்கணும்?"

"எட்டு மாசம் சோதிக்கலன்னே எழுதுங்க. பதினாறு வருஷம் பழகின எனக்கே சறுக்கிடுச்சு. நாளைக்கு இன்னொருத்தருக்குச் சறுக்கினா, ஒரு நல்ல மருந்து குப்பைக்குப் போயிடும்ல?"

டாக்டர் தயங்கினார். கிருமியம்மா நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, அந்த வரியைக் கணினியில் தானே தட்டினாள்.