விபத்துக்கு ஒரு பொன்னாடை

முதலில் என் மடத்தனத்தைச் சொல்லிவிடுகிறேன். நான் மோட்டார் சைக்கிளில் இருந்து விழுந்ததெல்லாம் அது ஓடாமல் நின்ற வேளைகளில்தான். ஓடும்போது விழுவதற்குக் கொஞ்சமாவது வேகம் வேண்டும். என்னிடம் அது கிடையாது. ஒருமுறை பெற்றோல் நிலையத்தில் சைட் ஸ்டாண்டை இறக்க மறந்துவிட்டுக் கம்பீரமாக இறங்கினேன். வண்டியும் என்னோடு சேர்ந்து இறங்கியது. அதன் அடியில் கிடந்தபடியே, பின்னால் காத்திருந்த கார்க்காரருக்குப் பெருவிரலை உயர்த்திக் காட்டினேன். இன்னொருமுறை எங்கள் வீட்டு வாசலிலேயே, அயல்வீட்டாரின் ரோஜாச் செடிக்குள் விழுந்தேன். அவர் என்னைத் தூக்குவதற்கு முன் செடியைத்தான் தூக்கிப் பார்த்தார்.

இப்படிப்பட்ட நான்தான் போன பொங்கல் விழாவில் சிட்னித் தமிழ்ச் சனத்துக்கு மோட்டார் சைக்கிள் பாதுகாப்பும் முதலுதவியும் கற்பிக்கப் புறப்பட்டேன்.

ஐம்பது வயதானதும் சிலர் கோயில் நிர்வாகத்தில் சேர்கிறார்கள். சிலர் காலையில் ஓட்ஸ் குடிக்கத் தொடங்குகிறார்கள். நான் கறுப்பு நிறத்தில் ஒரு மோட்டார் சைக்கிள் வாங்கினேன். என்னைப் போலவே புத்தி பிசகிய சிலர் சேர்ந்து ஒரு குழுவும் அமைத்தோம். ஞாயிறு காலைகளில் பரமட்டாவில் கூடி, மலைப்பக்கம் போவதா கடற்பக்கம் போவதா என்று நெடுநேரம் விவாதிப்போம். அதற்குள் பசி வந்துவிடும். ஹோம்புஷில் ஒரு தோசைக் கடையில் போய் நிற்போம். கனத்த தோல் சட்டை, தோல் கையுறை, முழங்கால் வரை சப்பாத்து என்று நான் புறப்படுவதைப் பார்த்து மனைவி ஒருநாள் கேட்டாள்: "தோசை தின்ன ஏன் இவ்வளவு தோல்?"

அவள் நீதிமன்றத்தில் மொழிபெயர்ப்பாளர். நாள் முழுக்க மற்றவர்களின் வாக்குமூலங்களைப் பேசிவிட்டு வருகிறவள், வீட்டில் சொற்களை அளந்துதான் செலவழிப்பாள். வழக்குகளைப் பற்றி வாயே திறக்க மாட்டாள்; அது அவளுடைய தொழில் ஒழுக்கம். ஆனால் ஒருநாள் வேலை முடிந்து வந்தவள், கைப்பையைக் கூட இறக்காமல் குசினிக் கதிரையில் வெகுநேரம் இருந்தாள். பிறகு சொன்னாள்.

"றோட்டில விழுந்த மனிசனைச் சுத்திச் சனம் நிண்டதாம். ஒருத்தருக்கும் என்ன செய்யிறதெண்டு தெரியேல்லையாம்."

தேநீர் ஊற்றிக் கொடுத்தேன். குடித்து முடித்துவிட்டு, "பைக்கை வித்துப்போடுங்கோ," என்றாள்.

நான் கெஞ்சினேன். எங்கள் குழுவே பொங்கல் விழாவில் முதலுதவி காட்டப் போகிறது, சனத்தை நாங்கள் பழக்கி எடுத்துவிடுவோம் என்றேன். கொஞ்சம் யோசித்து ஒரு நிபந்தனை வைத்தாள்.

"சரி. நீங்கள் விழுந்து கிடந்தா எங்கட சனம் ஒழுங்காப் பார்க்கும் எண்டு என்ர கண்ணால காட்டுங்கோ. காட்டினா பைக் நிக்கும். இல்லாட்டி விக்கிறது."

அதனால்தான் அடிபட்டவனாக நடிக்கும் பாத்திரத்தை நானே கேட்டு வாங்கிக்கொண்டேன். விழுந்து பழகியவன் என்பதால் குழுவில் யாரும் போட்டிக்கு வரவில்லை. பல வாரங்கள் குசினியில் நின்று விளக்கவுரையை ஒப்புவித்தேன். ஆபத்து இருக்கிறதா என்று முதலில் சுற்றிப் பார். அடிபட்டவரை இழுக்காதே. மயங்கிக் கிடப்பவரின் வாயில் தண்ணீர் ஊற்றாதே. ஹெல்மெட்டைப் பிடுங்காதே. மூச்சு இருக்கிறதா பார். மூன்று சைபரை அழுத்தி அம்புலன்ஸைக் கூப்பிடு. மனைவி வெங்காயம் நறுக்கிக்கொண்டிருப்பாள். கேட்கிறாளா இல்லையா என்று ஒருநாளும் தெரிந்ததில்லை.

விழா, ஒரு பள்ளிக்கூடத்தின் கார் நிறுத்துமிடத்தில். ஜனவரி வெயில் தார் தரையைத் தோசைக்கல்லாக்கி வைத்திருந்தது. மோட்டார் சைக்கிளை மெதுவாகச் சாய்த்துக் கிடத்தி, அதன் பக்கத்தில் முழு உடுப்போடும் ஹெல்மெட்டோடும் நான் கிடந்தேன். உதவிக்கு ஓடிவர வேண்டிய நண்பர்கள் மூவரும் சற்றுத் தள்ளி முழங்காலில் தயாராக நின்றார்கள். மைக் எங்கள் குழுவின் கோயம்புத்தூர் நண்பரிடம். சிட்னியில் எந்தத் தமிழ் மேடை என்றாலும் மைக் தானாக அவர் கைக்குப் போய்விடும்.

"அன்பான உறவுகளே, இங்க ஒரு விபத்து நடந்துடுச்சுங்க. முதல் விதி, அடிபட்டவரை யாரும் அசைக்கக் கூடாது. எந்தக் காரணத்துக்காகவும் எழுப்பி உக்கார வைக்கக் கூடாது."

இவ்வளவும் நன்றாகத்தான் போனது. அந்த நேரம் பார்த்துப் பிரதம விருந்தினர் வந்து சேர்ந்தார். உள்ளூராட்சி உறுப்பினரான ஒரு வெள்ளைக்காரர். விழாச் செயலாளர் அங்கிள் ஓடிவந்து மைக்கை வாங்கினார்.

"விபத்து கொஞ்சம் நிக்கட்டும். முதல்ல விளக்கேத்துவம்."

நின்றது. குத்துவிளக்கு காற்றுக்கு அணைந்து அணைந்து எரிந்தது. தமிழ்த்தாய் வாழ்த்து வந்தது. எல்லோரும் எழுந்து நின்றார்கள், நான் மட்டும் கிடந்தேன். வரவேற்புரை வந்தது. வரவேற்புரையை வரவேற்று இன்னொருவர் பேசினார். தோல் சட்டைக்குள் நான் மெல்ல அவிந்துகொண்டிருந்தேன். எழும்பிவிடலாம் என்று நினைத்தபோது முன்வரிசையில் மனைவி கைகளைக் கட்டிக்கொண்டு என்னையே பார்த்திருந்தாள். பைக் கண்ணுக்குள் வந்தது. கிடந்தேன்.

பிறகு பொன்னாடைப் படலம். நிகழ்ச்சியில் பங்குபற்றும் எல்லோருக்கும் பொன்னாடையும் மாலையும். செயலாளர் அங்கிள் என் பெயரை வாசித்துவிட்டு அங்குமிங்கும் பார்த்தார்.

"ஆள் எங்க?"

"கீழ கெடக்காருங்க," என்றார் கோயம்புத்தூர் நண்பர்.

"ஒருக்கா எழும்பச் சொல்லும்."

"அசைக்கக் கூடாதுன்னு இப்பத்தான் சொன்னோம்ங்க. ஜனங்க பாத்துட்டு இருக்காங்க. நாமளே எழுப்பினா அப்புறம் யாரு நம்புவாங்க?"

அங்கிள் யோசித்தார். "நியாயம்தான். அப்ப கிடந்தபடிக்குப் போடுவம்."

"வேண்டாம்," என்று ஹெல்மெட்டுக்குள் இருந்து முனகினேன்.

நண்பர் குனிந்து, "அண்ணே, மயக்கத்துல இருக்கிறவங்க பேச மாட்டாங்க. கொஞ்சம் ஒத்துழைப்புக் குடுங்க," என்றார்.

முதலுதவி விதிகளில் எங்கள் சனம் பிசகாமல் கடைப்பிடித்தது அந்த ஒன்றைத்தான். என்னை இம்மியும் அசைக்காமல், நெஞ்சிலிருந்து முழங்கால் வரை பொன்னாடையை விரித்து, சுருக்கம் எடுத்து, மேலே மாலையை வைத்தார்கள். பிரதம விருந்தினருக்கு எங்கள் வழக்கம் எதுவும் தெரியாது. சூழ்நிலையைப் பார்த்து அவராகவே தலையைக் குனிந்து கைகூப்பினார். அவர் அப்படி நிற்பதைப் பார்த்துச் சனமும் எழுந்து நின்றது. முழங்காலில் நின்ற நண்பர்கள் மூவரும் வெயிலுக்குத் தலையைத் தொங்கப் போட்டிருந்தார்கள். மைக் கூட மௌனமாக இருந்தது.

அப்போதுதான் கோயிலுக்குப் போய்விட்டுத் தாமதமாக வயதான ஓர் அன்ரி வந்து சேர்ந்தார்.

அவர் கண்ட காட்சி இது: வெறுந்தரையில் ஒரு மனிதன், மேலே பட்டு, பட்டின் மேல் மாலை, பக்கத்தில் சாய்ந்து கிடக்கும் மோட்டார் சைக்கிள், சுற்றி எழுந்து நிற்கும் சனம். வேறு என்ன நினைப்பார்? செருப்பைக் கழற்றிவிட்டு வந்தார். பையிலிருந்து கோயில் பூவை எடுத்து என் கால்மாட்டில் வைத்தார்.

"ஆர் பெத்த பிள்ளையோ. சின்ன வயசு," என்றார்.

என்னைச் சின்ன வயது என்று யாராவது சொல்லிப் பல காலம். அந்த மகிழ்ச்சியில் அசையாமல் கிடந்துவிட்டேன். அது என் தவறு. அவருக்குப் பின்னால் இன்னொருவர் வந்து நின்றார். அவருக்குப் பின்னால் ஒரு குடும்பம். எங்கள் விழாக்களில் வரிசை ஒன்றைக் கண்டால் அதன் முடிவில் சாப்பாடு இருக்கும் என்பது பொதுவான நம்பிக்கை. விளக்கு மேசையில் இருந்த பூவெல்லாம் ஒவ்வொரு கைப்பிடியாக என் சப்பாத்தை வந்தடைந்தது. "பொங்கல் இங்கயா குடுக்கினம்?" என்று யாரோ கேட்டதும் காதில் விழுந்தது.

அன்ரி போகவில்லை. "மனிசி எங்க?" என்று விசாரித்தார். யாரோ முன்வரிசையைக் காட்டினார்கள். நேரே போய் என் மனைவியைக் கட்டிப்பிடித்துக்கொண்டார்.

"அழு பிள்ளை. அடக்கி வைக்காத. அழுதிடு."

ஹெல்மெட் கண்ணாடிக்குள்ளால் மனைவியின் முகத்தைப் பார்த்தேன். கோபமாக இருப்பாள் என்று நினைத்தேன். சிரிப்பாள் என்றும் நினைத்தேன். இரண்டும் இல்லை. அன்ரியின் தோளுக்கு மேலாக என்னையே பார்த்தாள், ஏற்கெனவே பலமுறை பார்த்துவிட்ட ஒன்றைப் பார்ப்பதுபோல. அன்றைக்குக் குசினிக் கதிரையில் இருந்த முகம்தான். அதற்கு மேல் என்னால் நடிக்க முடியவில்லை. எழுந்து உட்கார்ந்து, "நான் சாகேல்லை," என்றேன்.

மாலையோடு எழும்பியது பெரிய பிழை. அன்ரி திரும்பிப் பார்த்தார். ஒரு சத்தமும் இல்லாமல் சரிந்தார். மனைவி பிடித்துக்கொண்டதால் அடிபடவில்லை.

இப்போது எங்களுக்கு உண்மையான நோயாளி கிடைத்துவிட்டார். பயிற்சி பெற்ற முதலுதவிக் குழு உடனே களத்தில் இறங்கியது. ஒருவர் சோடா தேடி ஓடினார். ஒருவர் தைலம் கேட்டுக் கூட்டத்துக்குள் புகுந்தார். மூன்றாமவர் சாவிக்கொத்தை எடுத்து அன்ரியின் கைக்குள் திணித்தார். எல்லாத் திசையிலிருந்தும் தண்ணீர்ப் போத்தல்கள் நீண்டன. நான் மூன்று சைபரை அழுத்தப் பார்த்தேன், கையுறை கழலவில்லை. கோயம்புத்தூர் நண்பர் மைக்கில், "யாரும் பதற்றப்பட வேண்டாம், இதுவும் நிகழ்ச்சியில ஒரு பகுதிதாங்க," என்றார்.

"எல்லாரும் தள்ளி நில்லுங்கோ," என்றாள் மனைவி. உரத்துச் சொல்லவில்லை. நீதிமன்றக் குரல். சனம் தள்ளி நின்றது. "வாயில ஒண்டும் ஊத்தாதேங்கோ. அதைக் கொண்டாங்கோ."

அதை என்றது என் பொன்னாடையை. நாலு பேரை நாலு மூலையில் பிடிக்கச் சொல்லி அன்ரிக்கு நிழல் போட்டாள். மல்லாக்கக் கிடத்தி, கால்களைக் கொஞ்சம் உயர்த்தி, குனிந்து மூச்சைப் பார்த்தாள். நான் குசினியில் ஒப்புவித்ததைச் சிட்னியில் ஒரே ஒருவர் கேட்டிருக்கிறார். பொன்னாடையால் உருப்படியான ஒரு பயன் விளைந்து நான் கண்டதும் அன்றுதான்.

அன்ரி சற்று நேரத்தில் கண் திறந்தார். எனக்கு உயிர் போய் வந்தது. அவர் என்னைக் கண்டதும் கேட்ட முதற்கேள்வி: "உயிரோட இருக்கிற மனிசன் ஏன் மாலையோட படுத்தவர்?" நிழலில் கதிரை போட்டு இருத்தி, அம்புலன்ஸ்காரர் வந்து பார்த்து எல்லாம் சரி என்று சொல்லும்வரை மனைவி அவருடைய கையை விடவில்லை.

செயலாளர் அங்கிளுக்கு மட்டும் முழுத் திருப்தி. என் முதுகில் தட்டி, "சனம் அசையாமல் நிண்டு பாத்தது. அடுத்த வருசமும் நீர்தான் விழோணும்," என்றார்.

கூட்டம் கலைந்த பிறகு நான் மோட்டார் சைக்கிளை நிமிர்த்தி, சப்பாத்துக்குள் போன பூக்களைத் தட்டிக்கொண்டிருந்தேன். மனைவி வந்து கையை நீட்டினாள். சாவியைக் கொடுத்தேன். கைப்பைக்குள் போட்டாள்.

"நாளைக்குப் படம் எடுத்து இணையத்தில போடுறன். விலை நீங்கள் சொல்லுங்கோ."

கடைசியாக ஒரு வாதம் மிச்சமிருந்தது. அதையும் வைத்துப் பார்த்தேன்.

"இஞ்சரும், ஒண்டை மட்டும் நீர் ஒத்துக்கொள்ளோணும். நான் விழுந்து கிடக்க, எங்கட சனம் ஒருத்தர் மிச்சமில்லாமல் என்னட்ட வந்ததுதானே?"

"ஓம். பூவோட."