டிபன் டப்பாவில் சோலூர் போன குப்பை

வியாழக்கிழமை காலை 5.30க்குக் கோவையில் ஊட்டி பஸ் ஏறினேன். எண்பத்தாறு கிலோமீட்டர். படகு சவாரிக்கோ குளிருக்கோ நான் போகவில்லை. ஊட்டியைத் தாண்டிச் சோலூரில் கேரட் விளைவிக்கும் என் தங்கை செல்வியின் மண்மேல் எனக்குப் பொறாமை. அதை மறைப்பானேன்?

சமையலறைக் கழிவை உரமாக்குகிறேன் பேர்வழி என்று, எங்கள் அடுக்குமாடியின் மதில் ஓரத்தில் ஆறு மாதமாக ஒரு நீல டிரம் வைத்திருக்கிறேன். உரம் வரவில்லை, நாற்றம்தான் வந்தது. ஞாயிற்றுக்கிழமைக்குள் சரியாகாவிட்டால் டிரம்மைத் தூக்கிவிடுவோம் என்று குடியிருப்போர் சங்கம் சொல்லிவிட்டது. செல்வியோ வாரம் தவறாமல் கை நிறையக் கறுப்பு மண்ணை அள்ளிப் படம் எடுத்துக் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போடுவாள். சொந்தக்காரர்கள் இதயமாக அனுப்பித் தள்ளுவார்கள். நான் மட்டும் அனுப்பியதில்லை. சின்ன வயதில் சாணியைக் கண்டால் மூக்கைப் பிடித்துக்கொண்டு ஓடியவள் அவள். அள்ளியது நான்.

7.10க்குப் பர்லியாறு சோதனைச்சாவடி. பிளாஸ்டிக் இருக்கிறதா என்று பார்க்க ஒரு பெண் பஸ்ஸில் ஏறினார். செல்வியிடம் காட்டி யோசனை கேட்பதற்காக டிரம்மிலிருந்து ஒரு பிடி அள்ளி, பாலிதீன் கவரில் கட்டி வைத்திருந்தேன். அதைத் தூக்கிப் பார்த்தார்.

"என்னங்க இது?"

"குப்பைங்க."

"ஊட்டிக்குக் குப்பையவா கொண்டு போறீங்க?"

கவரைக் கொடுத்தே ஆகவேண்டும் என்றார். கடைசி இட்லியை வாயில் அடைத்துக்கொண்டு, காலியான டிபன் டப்பாவில் குப்பையைக் கொட்டினேன். குன்னூர் வரை என் பக்கத்து இருக்கை காலியாகவே வந்தது. அந்தக் குளிரிலும் ஜன்னல்களைத் திறந்து வைத்தார்கள்.

ஊட்டியில் சோலூர் பஸ் மாறினேன். பெண்களுக்குக் கட்டணமில்லை. ஏறக்குறைய இருபது கிலோமீட்டரும் தேயிலை, முட்டைக்கோஸ், கேரட் என்று மாறி மாறி வந்தது. உழுது போட்டிருந்த மண்ணெல்லாம் கறுப்பு. பார்க்கப் பார்க்க எரிச்சலாக இருந்தது.

11.15க்குச் சோலூர் நிறுத்தத்தில் செல்வி நின்றாள். வீட்டுக்குள் நுழைந்ததும் என் பையைத் துழாவினாள். "முறுக்காக்கா?" என்று டப்பாவைத் திறந்தவள் அடுத்த நொடி வாசலில் நின்றாள். சிரித்து முடிக்க வெகு நேரம் ஆயிற்று அவளுக்கு.

தோட்டத்தில் இரண்டு விரலால் ஒரு கேரட்டை இழுத்தாள். வழுக்கிக்கொண்டு வந்தது. நான் மண்ணில் கையை வைத்தேன், மணிக்கட்டு வரை உள்ளே போயிற்று. மழை விட்ட வாசனை. வயிறு பற்றி எரிந்தது. ஓரமாக மூன்று குவியல்கள். கேரட் தழை, கோஸின் வெளி இலை, சாணி, சருகு, வீட்டுக் காய்கறித் தோல் எல்லாம் அவற்றில் அடுக்கடுக்காகக் கிடந்தன. காட்டுப்பன்றி கிளறாமலிருக்கச் சுற்றிலும் தகரம் அடித்திருந்தாள்.

"நீ சருகு போடலியாக்கா?"

"இல்ல. நாத்தம் வெளிய வரக்கூடாதுன்னு இறுக்கி மூடி வெச்சேன்."

"அதான் மூச்சு முட்டி அழுகிப்போச்சு. ஒரு பங்கு ஈரத்துக்கு ரெண்டு பங்கு சருகு போடோணும். வாரம் ஒருக்கா கெளறி விடோணும்."

"சருகுக்கு நான் எங்கடி போவேன்?" என்று கேட்டுவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டேன். எங்கள் வாட்ச்மேன் தினமும் காலையில் புங்கமரத்துச் சருகைக் கூட்டிக் கொளுத்துகிறார். புகை வருகிறது என்று சண்டை பிடித்தவளே நான்தான்.

பேச்சை மாற்ற, "இது மக்க எத்தன நாளாச்சு?" என்றேன்.

"ஆறு மாசத்துக்கு மேல. இந்தக் குளுருல எதுவும் சீக்கிரம் மக்காது. பனிக்காலத்துல அப்பிடியே கெடக்கும். உங்கூரு வெயிலு மட்டும் இருந்தா ரெண்டே மாசம். அத நெனச்சாலே எனக்கு வயித்தெரிச்சலா இருக்குதுக்கா."

நான் அவள் முகத்தைப் பார்த்தேன். நிஜமாகவே சொன்னாள். காலையிலிருந்து எரிந்த என் வயிறு அப்போதுதான் குளிர்ந்தது. "வெயிலா? மண்டையப் பொளக்குது, போ" என்று சலித்துக்கொள்வதுபோல் பெருமையடித்தேன்.

மூன்று மணிக்குக் கிளம்பும்போது ஒரு சாக்குப் பையில் அந்தக் கறுப்பு மண்ணைக் கட்டிக் கொடுத்தாள். "கெளறும்போது ஒரு பிடி கலந்து விடு, சீக்கிரம் மக்கும். மேல தூவி உம் மண்ணுன்னு சங்கத்துல காட்டிராத."

நான் சரியாக அதைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். பஸ் வரும் திசையைப் பார்த்தபடி நின்றேன்.

இரவு மேட்டுப்பாளையத்தில் இறங்கி பஸ் மாறியபோது வெக்கை முகத்தில் அறைந்தது. ஆயுசில் முதல் தடவையாக அதைத் திட்டவில்லை.

மறுநாள் காலை வாட்ச்மேன் தீப்பெட்டியோடு நின்றார். "ஏனுங்க, கொளுத்தாதீங்க" என்று ஓடினேன். என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். சருகு முழுவதையும் வாரி, செல்வியின் மண்ணில் ஒரே ஒரு பிடி சேர்த்து, டிரம்மைக் கிளறினேன். மூடியை இறுக்கவில்லை. மீதி மண் கட்டிலுக்கு அடியில் இருந்தது. சனிக்கிழமை இரண்டு முறை அந்தச் சாக்கின் முடிச்சைத் தொட்டேன், அவிழ்க்கவில்லை.

ஞாயிறு பத்து மணிக்குச் சங்கச் செயலாளர் வந்தார். கைக்குட்டையை மூக்கில் வைத்துக் குனிந்தவர், மெதுவாக அதை எடுத்துப் பையில் வைத்தார். "இன்னும் ரெண்டு மாசம் பாக்கலாங்க" என்றார்.

இரண்டு மாதம் எனக்குப் போதும். டிரம்மின்மேல் வெயில் சுள்ளென்று விழுந்துகொண்டிருந்தது. அதைப் படம் எடுத்துக் குடும்பக் குழுவில் போட்டேன். எல்லோரும் இதயம் அனுப்பினார்கள். செல்வி அனுப்பவில்லை.