இன்னும் பத்து டிகிரி

கலியமூர்த்தி மாமா இறந்துவிட்டார்.

நேற்றுக் காலை பல் விளக்கிக்கொண்டிருந்தவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தாராம். ஆட்டோ வருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது...

கடலூர் - சிதம்பரம் பஸ்ஸில் போகிறவர்களுக்கு அவரைத் தெரிந்திருக்கும். ஓடுகிற வண்டியில் கம்பியைப் பிடிக்காமல் நேராக நின்று டிக்கெட் கிழிப்பாரே, அந்த உயரமான கண்டக்டர்.

முதலில் எனக்கும் அவருக்கும் ஆகாது. நான் ஃபுட்போர்டு கோஷ்டி. அவர் வாயில் விசில், என் வாயே விசில்.

ஒரு நாள் ஆலப்பாக்கத்தில் அவர் இறங்கி டீ குடித்துக்கொண்டிருந்தபோது நான் வாயாலேயே ரெண்டு விசில் கொடுத்துவிட்டேன். டிரைவர் வண்டியை எடுத்துவிட்டார். மாமா கிளாஸும் கையுமாக ஓடிவந்து ஏறினார். கிளாஸில் பாதி டீ அப்படியே இருந்தது. அப்படி ஒரு பேலன்ஸ்.

"எவன்டா அது?"

மொத்த பஸ்ஸும் என்னைப் பார்த்தது.

"அடுத்த ஸ்டாப்புல எறங்கு."

இறங்கினேன். அடுத்த பஸ் வரும்வரை வெயிலில் நின்றேன்.

அப்புறம் கொஞ்ச நாளில் எனக்குக் கால் உடைந்தது. ஃபுட்போர்டில் இல்லை. எங்கள் வீட்டு மாடிப்படியில், காய்ந்த துணியை எடுத்துக்கொண்டு இறங்கும்போது. முட்டிச் சில்லு ரெண்டாகப் போனது. காலாண்டுப் பரீட்சையைக் காலே கொண்டுபோய்விட்டது.

கட்டுப் பிரித்ததும் செவ்வாய், வெள்ளி சிதம்பரத்தில் பிசியோ. முதல் நாள் போனால் பக்கத்துக் கட்டிலில் இவர். அவருக்கும் அதே இடது முட்டி.

"வாங்க தொர. ஃபுட்போர்டா?"

"இல்ல. வீட்டுப் படி."

முட்டியைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "இருவது வருசம் ஓடுற வண்டியில நின்னவன்டா நான். பாத்ரூம்ல சோப்புத் தண்ணி வாரிவுட்டுடுச்சி. நீயும் சிரிச்சிக்க."

அன்றிலிருந்து அவர் மாமா, நான் மருமவன்.

காம்பஸ் பாக்ஸில் இருக்கும் கோணமானியைப் பெரிசாக்கின மாதிரி ஒன்றை வைத்து பிசியோ அக்கா எங்கள் முட்டியை அளப்பார். எனக்கு நீட்ட வரும், மடக்க வராது. மாமாவுக்கு மடங்கும், நேராக நீளாது. நேராவதற்கு முப்பது டிகிரி குறைந்தது. படுத்தால் முட்டிக்கு அடியில் ஒரு தலையணையைச் சொருகலாம்.

அது நேராகாவிட்டால் அவரை மறுபடியும் பஸ்ஸில் ஏற்றமாட்டார்கள். லைட் டூட்டி என்று டிப்போவில் ஒரு மேசை கொடுத்து உட்காரவைத்துவிடுவார்கள்.

"நல்லதுதானே மாமா" என்றேன்.

"மேசை எங்கடா போவும்? அங்கயேதான இருக்கும்."

முட்டியை அமுக்கும்போது மாமா போடுகிற சத்தத்தில் வெளியே காத்திருப்பவர்கள் எழுந்து வீட்டுக்குப் போய்விடலாமா என்று யோசிப்பார்கள். பத்து எண்ணும்வரை அமுக்கிப் பிடிக்க வேண்டும். எண்ணுகிற வேலையை நான் எடுத்துக்கொண்டேன். ஏழு வரை ஒழுங்காக எண்ணுவேன். அதற்கப்புறம் ஆலப்பாக்கம், பெரியப்பட்டு, புதுச்சத்திரம், பி.முட்லூர் என்று ஸ்டாப் ஸ்டாப்பாகப் போவேன்.

"டேய்... பத்து எங்கடா?"

"டிராஃபிக் மாமா."

முப்பது இருபத்தைந்தானது. இருபதானது. பதினைந்தானது. அப்புறம் மூன்று வாரம் ஒரு டிகிரி கூட நகரவில்லை. மாமா வருவதை நிறுத்திவிட்டார். போனும் எடுக்கவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை ஊன்றுகோலோடு முதுநகரில் இறங்கி, விசாரித்து விசாரித்து அவர் வீட்டுக்குப் போனேன். வாசலில் நின்று ரெண்டு விசில் கொடுத்தேன்.

அவர் மனைவி எட்டிப் பார்த்தார். பின்னாலேயே சுவரைப் பிடித்துக்கொண்டு மாமா.

"எதுக்குடா வந்த?"

"வண்டி எடுத்துட்டாங்க மாமா. நீங்க ஏறல."

அவர் சிரிக்கவில்லை. "மேசையே போதும்னு எழுதிக் குடுத்துடலாம்னு இருக்கன். அவ்ளோதான்டா இது. இதுக்கு மேல நீளாது."

பதிலுக்கு நக்கல் அடிக்கத்தான் வாயைத் திறந்தேன். வாயில் வந்தது வேற.

"இங்க வர்றதுக்கு பஸ்ல என்னய ரெண்டு பேரு தூக்கி ஏத்துனாங்க மாமா. என்னய. அதே ஃபுட்போர்டுல."

மாமா என் காலைப் பார்த்தார். அத்தை காபி கொண்டுவந்தார், குடித்தோம், கிளம்பினேன்.

செவ்வாய்க்கிழமை நான் போனபோது மாமா எனக்கு முன்னாலேயே கட்டிலில் இருந்தார்.

"லேட்டு" என்றார்.

அதற்கப்புறம் ஒரு நாள்கூட அவர் தவறவில்லை. முந்தாநாள் அளந்தபோது பத்து. அக்கா நம்பாமல் இன்னொரு தடவை அளந்தார். பத்தேதான். இன்னும் இந்தப் பத்துதான் மிச்சம், அடுத்த மாதம் டாக்டரிடம் சர்டிஃபிகேட் கேட்கலாம் என்றார். மாமா கட்டிலை விட்டு இறங்கி, எதையும் பிடிக்காமல், பஸ்ஸில் நிற்கிற மாதிரி நின்று காட்டினார். லேசாகச் சாய்ந்துதான்... ஆனால் நின்றார்.

நேற்று நான் போனபோது ஐஸ் பெட்டி இன்னும் வந்திருக்கவில்லை. கூடத்தில் பெஞ்சின் மேல் படுக்கவைத்திருந்தார்கள். சொந்தக்காரர் ஒருவர் கால் கட்டை விரல்களைச் சேர்த்துக் கட்டிக்கொண்டிருந்தார். இடது முட்டி மட்டும் கொஞ்சம் தூக்கிக்கொண்டு இருந்தது. அவர் அதன் மேல் உள்ளங்கையை வைத்து அமுக்கினார்.

"அண்ணே, அமுக்காதீங்க. வலிக்கும் அவருக்கு."

என்னையும் மீறிச் சொல்லிவிட்டேன். எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள்.

தலைமாட்டில் இருந்த அத்தைதான் சொன்னார். "வுட்டுடுங்க. அப்படியே இருக்கட்டும்."

அவர் கையை எடுத்துவிட்டார்.

நாளைக்கு வெள்ளிக்கிழமை மாமா. நான் பிசியோவுக்குப் போறேன்.

நீங்க பாத்துப் போங்க.