கொட்டாஞ்சேனையில் ஒரு கிளாஸ் சிவப்புச் சோடா

இத்தால் வெள்ளவத்தை வாழ் பொதுமக்கள் சகலருக்கும் பெருமிதத்துடன் அறியத் தருவது யாதெனில்: கடந்த ஞாயிற்றுக்கிழமை அடியேன், அம்மாவின் கையைப் பிடிக்காமல், அப்பாவின் ஸ்கூட்டரில் தொற்றாமல், தனியொருவனாகக் கொட்டாஞ்சேனைக்குப் போய் வந்தேன். வெடி கொளுத்த விரும்புவோர் கொளுத்தலாம்.

தூரம் பன்னிரண்டு கிலோமீற்றர் வராது. சிரிக்க வேண்டாம். இதற்குப் பின்னால் திருகோணமலை இருந்தது. அடுத்த மாதம் எங்கள் வகுப்பு மூன்று நாள் சுற்றுலா போகிறது. எனக்குப் பதின்மூன்று வயதிலிருந்து சீனி வருத்தம், அதாவது நீரிழிவு. சாப்பிட முன் ஊசி, விரலில் குத்தி இரத்தம் பார்ப்பது, எல்லாம் நானேதான். என்றாலும் அம்மா, "முதல்ல ஒரு நாள் தனியப் போய் ஒழுங்கா வா. பிறகு திருகோணமலை கதைப்பம்" என்றுவிட்டார். (இதை வாசிக்கும் வகுப்புக்காரர்களே, ஓம், சரியாகத்தான் வாசித்தீர்கள். அவசரப்படாதீர்கள்.)

கிளினிக்குக்குப் பல்கலைக்கழகத்திலிருந்து ஒரு கம்பஸ் அக்கா வருகிறார். எங்கள் வயதுப் பிள்ளைகள் இந்த வருத்தத்தை எப்படிச் சமாளிக்கிறார்கள் என்று ஆராய்ச்சி செய்பவர். "வெளியில சாப்பிடேக்க எங்க வச்சு ஊசி போடுவீர்?" என்று போன கிழமை கேட்டார். "எல்லாருக்கும் முன்னால, ராசா மாதிரி" என்றேன்.

காலை 9.40க்கு ரயில். கோட்டைக்கு டிக்கெட் முப்பது ரூபா. இடது பக்கக் கதவடியில் நில்லுங்கள், கடல் அந்தப் பக்கம்தான். பம்பலப்பிட்டி தாண்டியதும் தண்டவாளம் எது, தண்ணீர் எது என்று தெரியாமல் போகும். அலை வந்து கல்லில் மோதி, அந்தத் தூவல் முகத்தில் படும்போது, ரயில் நிற்கிறது, கடல்தான் வடக்கே ஓடுகிறது என்று தோன்றும். இருபது நிமிடம் இலவசக் கனவு.

கோட்டையில் இறங்கி என் கூட்டாளி ஜெரோமுக்குப் போன் அடித்தேன். "மச்சான், நான் வத்தளைக்கு வந்திட்டன்டா. பாலத்தைத் தாண்டிட்டன். பயமா இருக்கு." நான் கொட்டாஞ்சேனையைத் தாண்டி ஆற்றுக்கு அப்பால் போய்த் தொலைந்துவிட்டேன் என்று நம்பி, அவன் தன் அம்மாவிடம் ஓடி, செருப்பை மாட்டி, வாசலுக்கு வந்த பிறகுதான் உண்மையைச் சொன்னேன். இந்தப் பகிடியை ஞாபகத்தில் வைத்திருங்கள். பின்னர் என்னைக் கடிக்கும்.

"கொஹேத மல்லி?" என்றார் த்ரீவீல் ஓட்டுநர், எங்கே தம்பி என்று சிங்களத்தில். "கொட்டஹேன, அய்யே." நானூறு ரூபா. ஞாயிறு என்பதால் பத்து நிமிடம். ஜெரோம் வீட்டுச் சின்னத் தெருவில், ஒழுங்கை முழுக்கக் கொடி, வெள்ளையும் நீலமுமாக. அன்று அவர்களுடைய கத்தோலிக்கக் கோயிலில் திருவிழா.

பன்னிரண்டு மணிக்கு ஜெரோமின் அம்மா, நான் அன்ரி என்று கூப்பிடுபவர், மேசையில் தட்டுகளை அடுக்கினார். கோழிப் புரியாணி வாசம். எங்கள் வீட்டில் தட்டு வைத்தால் அடுத்த நிமிடம் சோறு விழும். இந்த ராசா எழுந்து குளியலறைக்குப் போய்க் கதவைப் பூட்டி ஊசியைப் போட்டார். வெளியே வந்தால் மேசையில் ஒருவரும் இல்லை.

"சாப்பாடு எப்படா?"

"கோயில் சொரூபம் ஊர்வலமா எங்கட ஒழுங்கையால போன பிறகுதான். அதுவரைக்கும் ஒருத்தரும் வாயில வைக்க மாட்டம். என்னடா, பசியா?"

ஊசி போட்டால் உடனே சாப்பிட வேண்டும் என்று அந்த இடத்தில் சொல்லியிருக்கலாம். "சீச்சீ, பசியே இல்ல" என்றேன். பையில் குளுக்கோஸ் இருந்தது. பை மேல்மாடியில். நான் கீழே, ஒழுங்கையில்.

அடுத்த ஒரு மணித்தியாலம்தான் என் வாழ்க்கையில் ஆக அழகானது. பாண்ட் வாத்தியம் தண்ணீருக்கு அடியில் இருந்து கேட்டது. கொடிகள் மிக மெதுவாக, ஒவ்வொன்றாக, என்னைப் பார்த்துத் தலையாட்டின. வெயில் தேன் நிறத்தில் சுவர்களில் வழிந்தது. தூரத்தில் சொரூபம் மனிதத் தலைகளின் மேல் மிதந்து வந்தது. அதன் கண் என்னை மட்டும் தேடியது போல இருந்தது. கொட்டாஞ்சேனையில் மேளம் கொட்டும் என்று நினைத்தேன், எனக்கு வேர்வை கொட்டியது. அப்போதுதான் உள்ளே ஏதோ ஒரு மூலையில் ஒருவன் கத்தினான்: இது அழகு இல்லையடா, சீனி இறங்குது!

"ஜெரோம், தலை சுத்துது."

"வத்தளைக்கு வந்திட்டியா?" என்று சிரித்தான்.

பக்கத்தில் அன்ரி ஊர்வலம் பார்க்க வந்த சனத்துக்கு இனிப்பான சிவப்புச் சோடா ஊற்றிக்கொண்டிருந்தார். கிளாஸைப் பிடித்துக்கொண்டு, இரண்டு வருடம் கூட்டாளிகளிடம் சொல்லாததைச் சொன்னேன். "அன்ரி, எனக்குச் சீனி வருத்தம்."

"ஐயோ மகன்! அப்ப இது குடிக்கவே கூடாது!" கிளாஸைப் பறித்துவிட்டார். "பொறுங்க, வெந்தயத் தண்ணி கொண்டாறன்."

"இல்ல அன்ரி, இப்ப சீனிதான் வேணும்…"

"குடுக்காதீங்கம்மா, பகிடி விடுறான்." சொல்லிக்கொண்டே ஜெரோம் என் கையைப் பிடித்தான். சிரிப்பு நின்றது. "அம்மா, கை ஐஸ் மாதிரி. நடுங்குது. குடுங்க, குடுங்க!"

இரண்டு கிளாஸ் குடித்தேன். கொடிகள் வெறும் கொடிகளாயின. சொரூபம் வாசலுக்கு வந்தபோது, அன்ரி கும்பிட்டபடியே மறுகையால் எனக்குப் புரியாணி ஊட்டினார். அவர்கள் வீட்டில் அப்படி நடந்தது அதுதான் முதல் தடவையாம்.

திருவிழாவுக்குப் போக நினைப்பவர்களுக்கு: பதினொரு மணிக்கு முன் போங்கள், பிறகு த்ரீவீல் உள்ளே வராது. ஊசி போடுபவர்கள் சோற்றைக் கண்ணால் கண்ட பிறகு போடுங்கள், தட்டை நம்பாதீர்கள். குளுக்கோஸ் பையில் வேண்டாம், காற்சட்டைப் பொக்கற்றில். பகிடி விடுபவர்கள் அன்றைக்கு மட்டும் லீவு எடுங்கள்.

அம்மாவுக்கு அன்ரியே எல்லாம் சொல்லிவிட்டார். திருகோணமலை போச்சு என்று கட்டிலில் கிடந்தேன். அம்மா வந்து என் போர்வையை இழுத்துவிட்டு, "உன்னோட பஸ்ஸில வாற எல்லாருக்கும் நீயே சொல்லு. சொன்னாப் போகலாம்" என்றார்.

கம்பஸ் அக்காவிடம் "ராசா இல்ல, குளியலறை" என்று திருத்திச் சொல்லிவிட்டேன். வகுப்பில்தான் முடியவில்லை. மூன்று தரம் எழும்பி, மூன்று தரமும் வேறு பகிடி சொல்லிவிட்டு இருந்தேன். ஆகவேதான் இந்தப் பயணக் கட்டுரை. பஸ்ஸில் எனக்குப் பக்கத்தில் இருப்பவர் ஒரு சோடாப் போத்தல் கொண்டுவரவும். நான் உளறினால் சிரிக்காமல் ஊற்றவும்.

இன்னொன்று. மேலே "தனியொருவனாகப் போய் வந்தேன்" என்று எழுதியிருக்கிறேன் அல்லவா? போனது உண்மை. வந்தது அன்ரியோடு, த்ரீவீலில், அவர் தோளில் சாய்ந்து, வாயைப் பிளந்து நித்திரையாக. ஜெரோமிடம் படம் இருக்கிறது.